குமுளியில் ஒரு கம்பம்

கம்பத்திலிருந்து கம்பம் ஏற வந்தவன் நான்.
லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில்
பேருந்து மூச்சு வாங்கும்போதே
பீர்முகமது ராவுத்தர் மூன்றாம் முறை கூப்பிட்டார்.
"நாற்பத்தோராம் லாட் தம்பி. எட்டு மில்லி, நல்ல பச்சை.
விரலை வச்சேன். வட்டம் சுத்துச்சு.
சுத்தி முடிக்கறதுக்குள்ள எவனோ எடுத்துட்டான்."
காயும் ஏலம், கூவி விற்பதும் ஏலம்.
எந்த ஏலம் போனதற்கு அழுகிறார் என்று
கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மொட்டைமாடியில் ஒரே இரும்புக் கம்பம்.
உச்சியில் என் வெள்ளைப் பெட்டி.
அதற்கு ஒரு முழம் கீழே
போன மாதம் இல்லாத இன்னொரு பெட்டி,
முதுகில் மலையாள ஸ்டிக்கர்.
அதைக் கம்பத்தோடு இறுக்கியிருந்தது
நான் விட்டுப்போன கிளாம்ப்.

லேப்டாப்பைத் திறந்தேன். திரை முழுக்க மேடுகள்.
லாட்ஜ், எண்ணெய்க்குளியல் நிலையம், மசாலாக் கடை இரண்டு,
யானைச் சவாரிக்கு டிக்கெட் கிழிப்பவர்,
எல்லோரும் ஆறாம் சேனலில்
தேர்த்திருவிழாபோல நெருக்கியடித்து.
நான் மட்டும் கெட்டிக்காரன்.
கூட்டம் வேண்டாமென்று
போன வருடமே எட்டுக்கு நகர்ந்தவன்.

ஏணியில் ஒரு தலை முளைத்தது.
சோஜன். கேட்டுக்கு அந்தப்புறத்துக் கம்பெனி.
அங்கே ஒரு பல் டாக்டருக்கு
இரண்டு வாரமாய் எக்ஸ்ரே படம்
பாதிப் பல்லோடு நிற்கிறதாம்.
"சேட்டா, நிங்ஙளுடெ பெட்டியாணு பிரஸ்னம்" என்றான்.
உன் பெட்டிதான் என்றேன் நான்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
ஒரே சமயத்தில் பேசினோம்.

பிறகு அவன் "வெள்ளம் உண்டோ?" என்றான்.
நான் வானத்தைப் பார்த்தேன், பெரியாறு இருக்கும் திசையைப் பார்த்தேன்.
அவன் என் பாட்டிலைக் காட்டினான்.

குடித்துவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த ஒரு வார்த்தையில்
என் பெட்டிக்கு என்ன வியாதி என்று தெரிந்துவிட்டது.

முழுக்கத் தெரியாத பாஷையென்றால்
காதில் விழாததுபோல் நம் வேலையைப் பார்க்கலாம்.
முழுக்கத் தெரிந்ததென்றால்
அவன் முடிக்கட்டுமென்று நிற்கலாம்.
இந்தப் பாதி தெரிந்தது இருக்கிறதே.
ஆறில் அவன் பேசியது, எட்டில் இருந்த எனக்குப்
பேச்சாகவே படவில்லை.
தகரத்தில் மழை, பக்கத்து வீட்டு மிக்ஸி, அந்த மாதிரி.
மழை முடிக்கட்டுமென்று
யார் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள்?
நான் கத்தியிருக்கிறேன். அவன் கத்தியிருக்கிறான்.
ஒரு முழ தூரத்தில், ஒருவன் காதில் ஒருவன்.

(போன வாரம் கம்பத்தில் உட்கார்ந்தபடியே
பவரை இருபதிலிருந்து இருபத்தேழுக்கு ஏற்றியவன் நான்.
சோஜனிடம் அதைச் சொல்லவில்லை.)

"ஆறினு வா" என்றான்.
அந்தக் கூட்டத்துக்குள்ளேயா?
"வா சேட்டா. அவிடெ வரி உண்டு."
வரி என்றால் இந்த முறை புரிந்தது.
பணம் இல்லை, க்யூ.

பவரை இறக்கினேன். எட்டை ஆறாக்கினேன்.
அவன் பெட்டி பேசும்போது என் பெட்டி நின்றது,
கண் சிமிட்டுவதற்குள் பலநூறு முறை நின்றது,
பலநூறு முறை பேசியது.
திரையில் கோடு தாழ்ந்து, ஆனால் அறுபடாமல் போனது.
என் போன் அதற்குள் நான்காவது தடவையாக
என்னைக் கேரளத்துக்கு வரவேற்றது.
நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

ராவுத்தர் அடுத்த லாட்டுக்கு விரல் வைத்தார். போயிற்று.
"ஸ்பீடு எம்புட்டு?"
பாதி, என்றேன். ஆனா அறாது.
"அப்ப பில்லும் பாதி" என்று
நோட்டை எச்சில் தொட்டு எண்ணினார்.
நாற்பத்தோராம் லாட்டை அவர் மன்னிக்கவில்லை.

இறங்கும்போது மூன்றாவது வளைவில்
கிளாம்ப் ஞாபகம் வந்தது.
நூற்றெண்பது ரூபாய்.
கழற்றினால் அவன் பெட்டி கீழே விழும்.
டிரைவர் ஹாரனை அழுத்தினார்.
எதிரே ஏறி வந்த லாரி
அது முடியும்வரை பொறுத்து
தன் ஹாரனை அடித்தது.